காவலாளியின் புத்தகத்தில் இல்லாத வீடு

ஜூன் 3, திங்கள்

இன்று மூன்றாம் புத்தகம் முடிந்தது. கடைசிப் பக்கத்தை ஷகிலா டீச்சர் முன்னால் சத்தமாகப் படித்தேன். ஓர் இடத்தில்கூட அவர் திருத்தவில்லை. வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். எனக்கு வேறு வேலை இல்லை.

என் பெயர் ராக்கியப்பன். வயது எழுபத்தொன்று. ஈரோட்டில் லாரி ஆபீசில் நாற்பத்து நான்கு வருடம் மூட்டை இறக்கினேன். அத்தனை வருடமும் கைநாட்டுதான். போன வருடம் ஏப்ரலில் எங்கள் சுமைப்பணியாளர் சங்கத்துப் படிப்பகத்தில் சேர்ந்தேன். பதினான்கு மாதத்தில் மூன்று புத்தகம். இப்போது பஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் யாரையும் கேட்பதில்லை. நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

என் மனைவி பாவாயி எனக்கு முன்பே அங்கே படித்தவள். ஆறு வருடம் போனாள். படிப்பகத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனியாக ஓர் இடம் உண்டு. அதை வீடு என்கிறார்கள். அவரவர் எழுதுவது அவரவர் வீட்டில் இருக்கும். தினமும் மத்தியானம் போய் அவள் வீட்டில் எதையோ தட்டித் தட்டி எழுதுவாள். போன வருடம் தைப் பொங்கலுக்கு முன் இறந்துபோனாள்.

அவள் எழுதியதைப் படிக்கத்தான் நான் சேர்ந்தேன். அன்றைக்கே கேட்டேன். “முதல்ல படிக்கக் கத்துக்குங்கய்யா, அப்புறம் பாக்கலாம்” என்றார் டீச்சர். இன்று மறுபடி கேட்டேன். “பாக்கலாமுங்கய்யா” என்றார். சொல்லும்போது மேசைமேல் இருந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 4, செவ்வாய்

மழை இல்லை. மழை இல்லை என்று எழுத முடிகிறது.

ஜூன் 6, வியாழன்

காலையில் கொள்ளு வேகவைத்தேன். சமையலறை டப்பாக்களில் பாவாயி காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். எனக்கு அது இத்தனை நாள் வெறும் காகிதம். இன்று ஒவ்வொன்றாகப் படித்தேன். சீரகம். வெந்தயம். கடுகு. உப்பு டப்பாவில் மட்டும் இரண்டு வரி இருந்தது: ‘உப்பு. அவருக்குக் குறைச்சுப் போடணும்.’

எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. அதற்காக எழுதியிருப்பாள். உப்பு குறைந்தால் நான் தட்டைத் தள்ளிவிடுவது உண்டு. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஜூன் 8, சனி

படிப்பகத்தில் ஒரே சத்தம். கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டதாம். சிவநேசன் என்பவர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து பார்க்கிறவர். புதிதாகப் பெரிய டிஸ்க் ஒன்றை மாட்டி, நாற்பத்தொரு வீட்டையும் அதற்குள் மாற்றிவிட்டார். அந்தப் புது இடத்துக்குக் கிடங்கு என்று பெயர் வைத்திருக்கிறார். மாற்றிய பிறகு ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் வெளியே தள்ளுகிறது.

காளியண்ணன் என்னோடு மூட்டை தூக்கியவன். எட்டாவது வரை படித்தவன், அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. அவன் சத்தம் போட்டான். “ஏனுங்க தம்பி, எங்க வூட்ட எடுத்துட்டுப் போயி எங்கீங்க போட்டீங்க? நாங்க என்ன இனி ரோட்லயா படுக்கறது?”

“வூடு பத்திரமா இருக்குதுங்ணா. உள்ளதான் போவ முடியல” என்றார் சிவநேசன்.

“அதையத்தாஞ் சொல்றேன். உள்ள போவ முடியாட்டி அது ஆரு வூடு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவாயி வீடும் அந்த நாற்பத்தொன்றில் இருக்கிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 10, திங்கள்

படிப்பகத்துக் கம்ப்யூட்டருக்கும் டீச்சர்தான் பொறுப்பு. அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு காவலாளி உண்டு. நம் முகத்தை அவன் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறான். எந்த இடத்தில் இருக்கும் பொருளுக்கு என்ன சீட்டு என்று அவனிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. பழைய இடத்தில் இருப்பதெல்லாம் உறுப்பினர் வீடு என்று அதில் எழுதியிருக்கிறது. கிடங்கு என்ற பெயரே அதில் இல்லை. அதனால் அங்கே இருப்பதற்கெல்லாம் ‘என்னவென்று தெரியாத பொருள்’ என்று சீட்டு. தெரியாத பொருளை அவன் யாருக்கும் கொடுக்க மாட்டான். சொந்தக்காரன் வந்து நின்றாலும் கொடுக்க மாட்டான்.

எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் லாரி ஆபீசில் ஒருமுறை சரக்கைக் கருங்கல்பாளையம் குடோனுக்கு மாற்றினோம். அந்தக் குடோன் பதிவேட்டில் வரவு வைக்கவில்லை. மஞ்சள் மண்டிக்காரர் தன் மூட்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்று நாள் நின்றார். குடோன் காவலாளி கொடுக்கவே இல்லை.

“சரக்கு சரிதான், ஆளும் சரிதான், பதிவேட்ல இல்லீங்களே அம்மிணி” என்றேன்.

டீச்சர் கைதட்டினார். “அய்யா, இதைய சிவநேசனுக்கு நீங்களே சொல்லிக் குடுங்க.”

நாள் முழுக்க மனசு குளிர்ந்து இருந்தது.

ஜூன் 12, புதன்

சிவநேசன் நாற்பத்தொரு வீட்டுக்கும் கையாலேயே சீட்டு ஒட்டிவிட்டார். எல்லோரும் உள்ளே போனார்கள். டீச்சர் மட்டும், “புத்தகத்துல எழுதாம ஒட்டுனா நிக்காதுங்க” என்றார். “நின்னுக்கும் மேடம்” என்றார் அவர்.

நான் பாவாயி வீட்டைப் பற்றிக் கேட்டேன். “வேலை முழுசா முடியட்டுமுங்கய்யா” என்றார் டீச்சர்.

ஜூன் 13, வியாழன்

நிற்கவில்லை. காவலாளி புத்தகத்தோடு எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்கும் வேலை ஒன்று உண்டாம். அது ஓடியது. கையால் ஒட்டிய சீட்டு அத்தனையையும் கிழித்துவிட்டு, பழையபடி ‘தெரியாத பொருள்’ என்று ஒட்டிவிட்டான். அவன் வேலையை அவன் பார்த்திருக்கிறான்.

ஜூன் 14, வெள்ளி

டீச்சர் பக்ரீத்துக்குப் பள்ளப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போகிறார். புதன்கிழமை வருவார். போகும் முன் சிவநேசனிடம், “நான் வந்து முறையாச் செய்யறேன். அதுவரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க” என்று இரண்டு தரம் சொன்னார். என்னைப் பார்த்து, “பெருநாள் முடிஞ்சு வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு பேசோணுமுங்கய்யா” என்றார்.

ஜூன் 15, சனி

உறுப்பினர்கள் ஆளாளுக்குச் சிவநேசனைத் திட்டினார்கள். யாருக்கோ மனு அச்செடுக்க வேண்டும். யாருக்கோ பேத்தியின் படம் வேண்டும். அவர் பொறுக்க முடியாமல் காவலாளியைத் தூங்க வைத்துவிட்டார். அதோடு, எதற்கு வம்பு என்று எல்லா வீட்டுக் கதவையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் போகலாம்.

அவரே என்னிடம் வந்து சொன்னார். “தாத்தா, பாட்டி வூடும் தொறந்துதான் கெடக்குது. இப்பவே படிச்சுக்கங்க. மேடம் வந்தா மறுபடி பூட்டிப் போடுவாங்க.”

உட்கார்ந்தேன். திரையில் பாவாயியின் பெயருக்குக் கீழே வரிசையாகத் தலைப்புகள். நூறுக்கு மேல் இருக்கும். செல்வராணி கல்யாணம். தக்காளி விலை. ஆஸ்பத்திரி. மூன்று தீபாவளி. செருப்பு.

அதற்கு மேல் படிக்கவில்லை. கண்ணாடி எடுத்துப்போக மறந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

படிப்பகம் விடுமுறை. துணி துவைத்தேன். மேற்கூரை ஓட்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது. ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

செருப்பு என்று ஏன் ஒரு தலைப்பு வைத்தாள் என்று தெரியவில்லை. எல்லோரும்தான் செருப்புப் போடுகிறோம்.

ஜூன் 17, திங்கள்

இன்றும் விடுமுறை. பல்லடத்திலிருந்து மகள் செல்வராணி போன் செய்தாள். அம்மா எழுதியது கிடைத்துவிட்டது, நாளைக்குப் படிக்கப் போகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்பா, அதைய நீங்க படிக்கோணுமா?” என்றாள்.

“ஏங்கண்ணு? எனக்குத்தான் இப்பப் படிக்கத் தெரியுதே.”

“தெரியறது வேறப்பா. அம்மா அங்க போனதே உங்க கண்ணுல படாம ரெண்டு மணி நேரம் இருக்கத்தான்.”

அதற்குப் பிறகு அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் டவர் சரியில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கண்ணாடியோடு போனேன். ‘செருப்பு’ என்பதைத் திறந்தேன். முதல் வரியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினேன். ‘இன்றைக்கும் செருப்பைக் காணோம்.’ இரண்டாம் வரி: ‘வெறுங்காலோடு வந்தேன். தார் ரோடு’

அங்கே நின்றேன். அடுத்த சொல் ‘சுட்டது’ என்று கூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் காளியண்ணன் வந்து நின்றான். அவன் வேகமாகப் படிக்கிறவன். நான் இரண்டாம் வரியை முடிப்பதற்குள் அவன் பத்தாம் வரிக்குப் போய்விட்டான். சத்தமாகவே படித்தான்.

“‘வகுப்புக்குப் போகக் கூடாதுன்னு அவர்தான் எங்கியோ ஒளிச்சு வெக்கறார். நான் கேக்கறதில்ல. கேட்டா ஒளிக்கறதுக்கு வேற எதாச்சும் தேடுவார்.’ அட ராக்கியா! செருப்ப ஒளிச்சு வெச்சது நீயாடா? நீ என்ன நாயா?”

அறையில் இருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். ஒருவர், “அக்கட்டால தள்ளுப்பா, நானும் படிக்கிறேன்” என்று எழுந்து வந்தார். மூலையில் இருந்த முத்துலட்சுமி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரும் ஓர் உறுப்பினர். மருமகன் அடிப்பதைப் பற்றி எழுதி வைத்திருந்த மனுவைச் சனிக்கிழமை யாரோ இப்படித்தான் படித்துவிட்டார்களாம்.

நான் இரண்டு கையாலும் திரையை மறைத்தேன். எப்படி அணைப்பது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. காளியண்ணன், “இத்தன வெக்கம் எதுக்குடா, செத்துப்போனவ எழுதுனதுதான?” என்றான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தது பரவாயில்லை. எழுபது பேர் மூட்டை தூக்கிய இடத்தில் இதைவிடப் பெரிய சிரிப்பெல்லாம் கேட்டிருக்கிறேன். அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை காளியண்ணன் வாயிலிருந்து வந்ததுதான் பொறுக்கவில்லை.

செருப்பை மேலே அட்டாலிப் பரணில் சாக்குக்குள் வைத்தேன். ஒருமுறை இல்லை. அந்த ஒரு கோடை முழுக்க.

ஜூன் 19, புதன்

ஷகிலா டீச்சர் வந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

“காவலாளியத் தூங்க வெச்சதோட நிக்கல. கதவையும் கழட்டி எறிஞ்சிருக்கீங்க. ஒரு எடத்தைய அவனோட புத்தகத்துல சேத்தத் தெரியலைன்னா அவன் மேல கோவிச்சுக்குவீங்களா?”

சிவநேசன், “எல்லாரும் கத்துனாங்க மேடம்” என்றார். பிறகு முத்துலட்சுமி அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவர், “படிச்சவங்க படிச்சதைய மறப்பாங்களா தம்பி?” என்றார்.

டீச்சர் முதலில் கம்ப்யூட்டரை யாரும் தொடாதபடி நிறுத்தினார். பிறகு என்னை உள்ளறைக்கு அழைத்தார். நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். “பாவாயி வூட்டுக்குள்ள போனேனுங்க அம்மிணி. ஒண்ணரை வரி படிச்சேன். மிச்சத்தைய காளியண்ணன் படிச்சுப்போட்டான்.”

அவர் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஒவ்வோர் உறுப்பினரும் எழுதிக் கொடுப்பது. ‘எனக்குப் பின் என் வீட்டை யார் திறக்கலாம்?’ என்று அச்சில் ஒரு கேள்வி. அதற்குக் கீழே பாவாயியின் கையெழுத்து.

“ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாள் வந்து எழுதிக் குடுத்தாங்கய்யா. பதினாலு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். சொன்னா படிப்ப விட்டுருவீங்கன்னு பயம். தப்புதான்.”

படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நானே படித்தேன். நான்கு வரி. கால் மணி நேரம் ஆகியிருக்கும். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

‘என் வீட்டை யாரும் திறக்க வேண்டாம்.
என் வீட்டுக்காரர் வந்து கேட்பார்.
படிக்கக் கற்றுக்கொடுங்கள்.
இதைக் கொடுக்க வேண்டாம்.’

கடைசி வரியை முடித்ததும் முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தேன். எங்காவது தப்பாகக் கூட்டியிருப்பேனோ என்று பார்த்தேன். தப்பு இல்லை. அவள் எழுத்து அழகாக இருக்கிறது. ‘கற்று’ என்பதில் எனக்கு எப்போதும் றகரம் கோணலாக வரும். அவளுக்கு நேராக வந்திருக்கிறது.

டீச்சர் சொன்னார்: “இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். நீங்க வாரிசு. சங்கத்துச் செயலாளர் கிட்டக் கேட்டேன். நீங்க ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட்டாப் போதும், அந்த வூட்ட உங்க பேருக்கு மாத்திக் குடுக்கலாங்கறாரு. படிவத்துல என்ன இருந்தாலும் சங்கத்து வழக்கம் அதுதானாம். வெள்ளிக்கிழமை எல்லா வூட்டுக்கும் புதுசாப் பேரெழுதிப் பூட்டப் போறேன். அதுக்குள்ள சொல்லுங்க.”

கடிதத்தையும் எழுதி வைத்திருந்தார். என் பெயர் எழுத ஒரு கோடு. ராக்கியப்பன் என்று இப்போது எனக்குப் பிழையில்லாமல் எழுத வரும்.

வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

ஒன்றும் சமைக்கவில்லை. கடிதத்தை ஏழு தடவை படித்தேன். படிவத்தில் இருந்த நான்கு வரியைப் பார்க்காமலே சொல்ல வருகிறது.

சாயங்காலம் செல்வராணிக்கு நானே போன் செய்தேன். “நீ திங்கக்கிழமை சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு கண்ணு” என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 21, வெள்ளி

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கோட்டில் பெயர் எழுதவில்லை. பின்பக்கம் நானே எழுதியிருந்தேன்: ‘பாவாயியின் வீடு பாவாயி பெயரிலேயே இருக்கட்டும். அவள் எழுதிக் கொடுத்தபடி பூட்டவும். இப்படிக்கு, ராக்கியப்பன்.’ என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கடிதம் இதுதான்.

டீச்சர் படித்துவிட்டு, “நெசமாவா அய்யா? இன்னிக்குப் பூட்டுனா அப்புறம் நானே நெனச்சாலும் சும்மா தொறக்க மாட்டேன்” என்றார்.

“தொறக்காதீங்க அம்மிணி. நாளைக்கு நானே வந்து கெஞ்சினாலும் தொறக்காதீங்க.”

அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். முதலில் கதவுகளை மாட்டினார். அவரவர் வீடு அவரவருக்கு மட்டும். பிறகு காவலாளியின் புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார். கிடங்கில் இருக்கும் வீடுகளைப் பழைய இடத்து வீடுகளைப் போலவே எண்ண வேண்டும் என்று அதற்கு அர்த்தமாம். சிவநேசன் பின்னால் நின்று பார்த்தார். “இவ்ளோதானா மேடம்?” என்றார். “இவ்ளோதான். கையால ஒட்டுனா நாப்பத்தொண்ணு. புத்தகத்துல எழுதுனா ஒண்ணு.”

அடுத்து, புத்தகத்தின்படி சீட்டு ஒட்டச் சொன்னார். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. ஓரிடத்தில் நிறுத்தி, “இதுதான் அம்மா வூடு” என்று விரலால் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தேன். காவலாளியை எழுப்பினார். கம்ப்யூட்டரை இரண்டு தரம் அணைத்துப் போட்டார். ஒத்துப் பார்க்கும் வேலையையும் ஓடவிட்டார். சீட்டுகள் அப்படியே நின்றன.

முத்துலட்சுமி அம்மா தன் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, வேறு யாராவது போக முடியுமா என்று மூன்று பேரை விட்டுச் சோதித்தார். முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காளியண்ணன், “நானும் ஒருக்காப் போய்ப் பாக்கட்டுங்களா?” என்றான். “நீ கம்முனு இரு” என்று மொத்த அறையும் சொன்னது.

டீச்சர் என்னிடம், “நீங்களும் தட்டிப் பாத்துருங்கய்யா” என்றார்.

என் பெயரில் உள்ளே போனேன். பாவாயியின் வீட்டைத் தேடித் தட்டினேன். திரை நடுவில் இரண்டு சொல் வந்தது. விரல் வைத்துக் கூட்டினேன். ‘அனுமதி’ சுலபமாக வந்தது. அடுத்தது நீளமாக இருந்தது. மூன்றாம் புத்தகத்தில்கூட இத்தனை நீளமான சொல் கிடையாது. ம, று, க்க, ப், ப, ட், ட, து. மறுபடி சேர்த்துச் சொன்னேன்.

“அனுமதி மறுக்கப்பட்டது.”

“சரியாப் படிச்சிட்டீங்கய்யா” என்றார் டீச்சர்.

“சரியாப் படிச்சேனுங்க” என்றேன்.

பிறகு என் வீட்டைத் திறந்தேன். அது உடனே திறந்தது. உள்ளே பதினான்கு மாதத்துப் பாடங்கள் மட்டும் இருந்தன. ஆடு, இலை, ஊஞ்சல். புதுப் பக்கம் ஒன்று எடுத்தேன். அவள் என்னவெல்லாம் எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. நான் என்னவெல்லாம் செய்தேன் என்று தெரியும். அதை எழுத எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும்.

முதல் வரி எழுதி முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. டீச்சர் படிவத்தைக் கொண்டுவந்தார். இத்தனை நாள் என் படிவம் காலியாகவே இருந்ததாம்.

“இதைய யாருக்கெல்லாம் தொறந்து வெக்கோணுங்கய்யா? உங்களுக்குப் பின்னாலயா, இப்பவேயா?”

“இப்பவே, எல்லாருக்குமுங்க அம்மிணி” என்றேன். “எழுத எழுதக் காளியண்ணன் சத்தமாப் படிக்கட்டும்.”